ஆறாவது ரவுண்டில் விழுந்த துண்டு

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. ஒரு மிஷின், சுவரில் ஒரு கண்ணாடி, வாசலில் ஒரு பெஞ்சு. பெஞ்சு என்னவோ துணி கொடுக்க வருகிறவர்களுக்காகப் போட்டதுதான். உட்கார்ந்ததெல்லாம் குத்துச்சண்டைப் பைத்தியங்கள். சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஊரில் பாதிப் பேர் மஞ்சுவிரட்டைப் பேசினார்கள், மீதிப் பேர் சினிமாவைப் பேசினார்கள். எங்கள் பெஞ்சுக்கு மட்டும் இந்தப் பேச்சு.

இந்தப் பைத்தியத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர் ஒரு மிலிட்டரிக்காரர். பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பியவர். மணல் நிரப்பித் தொங்கவிட ஒரு கித்தான் பை தைத்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். ஊசி ஊசியாக உடைந்தது. "இது எதுக்குங்க?" என்று கேட்டதற்கு, "குத்துறதுக்கு" என்றார். "மணல் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றேன். வாங்க பார்ப்போம் என்று கூட்டிக்கொண்டு போனார். மைதானத்து ஓரத்தில், வேப்ப மரத்தில் அந்தப் பையைக் கட்டி, நாலைந்து இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அதிலே ஒருவன் குத்தினால் மரமே குலுங்கும். கீரமங்கலத்துப் பக்கத்துப் பையன். அன்றைக்கே எனக்கும் பிடித்துக்கொண்டது.

அந்தப் பையனுக்குத் தகப்பன் இல்லை, தாயும் சின்ன வயதிலேயே போய்விட்டாள். வளர்த்தது தாய்மாமன். மாமனுக்குப் பிள்ளை கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் இவனையே பிள்ளையாக வைத்துக்கொண்டார்கள். மாமன் மாட்டுத் தரகர். சந்தையில் மாடு விற்கிறவனும் வாங்குகிறவனும் விலையை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். தரகர் தம் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார் என்றால் விலை படிந்தது என்று அர்த்தம். அவர் துண்டுக்கடியில் கையைக் கொடுத்தவன் ஏமாந்ததில்லை என்று ஆவுடையார்கோவில் வரைக்கும் பேர் இருந்தது.

ஒரு பொங்கல் கழிந்து, ஜில்லா சாம்பியன் பட்டத்துக்கு எங்கள் மைதானத்தில் சண்டை வைத்தார்கள். பட்டம் வைத்திருந்தவன் திருச்சிக்காரன். எதிர்த்து நின்றவன் எங்கள் பையன். எட்டு ரவுண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூங்கில் காலரி கட்டி, நடுவில் மேடை போட்டு, நாலு பக்கமும் கயிறு இழுத்திருந்தார்கள். பையனுக்கு நீலப் பட்டில் நிஜார் தைத்துக் கொடுத்தவன் நான். ஆகையால் எனக்குக் காலரியில் முன் வரிசை.

அங்கேதான் ஒரு சங்கடம். சண்டை போடுகிறவனுக்குத் துணையாக மூலையில் ஒருவர் நிற்க வேண்டும். ரவுண்டு முடிந்து வந்தால் உட்கார ஸ்டூல் போட வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், முகம் துடைத்துவிட வேண்டும். அது மிலிட்டரிக்காரர் நிற்க வேண்டிய இடம். ஆனால் மணி அடித்து நேரம் பார்க்க விவரம் தெரிந்த ஆள் வேறு இல்லை என்று அவரை மேஜைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பையனின் மூலையில் யார் நிற்பது? "நான் நிக்கிறேங்க, எம் பிள்ளைக்கு நான் நிக்காம?" என்று மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். மிலிட்டரிக்காரர் அவர் காதோடு என்னமோ அவசரமாகச் சொல்லிவிட்டு மேஜைக்கு ஓடினார். நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.

அப்படி ஒரு சண்டையை நான் பிறகு பார்க்கவில்லை. முதல் இரண்டு ரவுண்டும் திருச்சிக்காரன் கைதான் மேலே. மூன்றாவதில் எங்கள் பையனின் புருவம் கிழிந்து, ரத்தம் கண்ணை மூடிவிட்டது. ஒற்றைக் கண்ணோடு நின்றான். நாலாவதிலிருந்து மாறியது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்பார்களே, அன்றைக்கு அவனுக்கு அடிதான் உதவியது. வாங்க வாங்க இறுகினான். ஐந்தாவதில் சாம்பியன் ஒரு முறை விழுந்து எழுந்தான். ஆறாவதில் எங்கள் பையன் அவனை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான், அதுவும் மாமன் நின்ற மூலைக்கே. சாம்பியனின் இரண்டு கையும் தொங்கிவிட்டன. காதிலிருந்து ரத்தம். கயிறுதான் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. காலரி முழுவதும் "குத்து! குத்து!" என்று எழுந்து நின்றது. நானும்தான்.

அப்போது மாமனின் துண்டு பறந்து வந்து மேடை நடுவில் விழுந்தது.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியுமில்லையா? நாடகத்தில் நடிகர் நன்றாகப் பாடினால் மேடைக்குத் துண்டை வீசுவோம். மாமன் மருமகனுக்கு மரியாதை செய்கிறார் என்று நினைத்துக் காலரியும் விசில் அடித்துத் துண்டுகளை வீசியது. மேடை முழுக்கத் துண்டு. அந்தச் சந்தோஷத்தின் நடுவில், தீர்ப்புச் சொல்கிற ரெப்ரி எங்கள் பையனை விலக்கி நிறுத்தி, நிற்கவே முடியாத திருச்சிக்காரனின் கையைத் தேடிப் பிடித்துத் தூக்கினார். மூலையில் நிற்கிறவர் துண்டை எறிந்தால் தன் ஆள் தோற்றதாக ஒப்புக்கொண்டார் என்று சட்டமாம். எங்களுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்தபோது காலரி மூங்கிலைப் பிடுங்கியது. போலீஸ்காரர்கள் வந்து கூட்டத்தைக் கலைத்தார்கள்.

மறுநாளிலிருந்து என் பெஞ்சில் வேறு பேச்சே இல்லை.

"பாயிண்ட் கணக்குப் பாத்தாலும் நம்ம பயதான்" என்றார் மிலிட்டரிக்காரர். "இன்னும் ஒரே குத்து. நாக் அவுட். என் கையால மணியடிச்சு முடிச்சிருப்பேன். அந்த மனுசன் கெடுத்துட்டாரு."

"ஏன் கெடுத்தாரு? அதைச் சொல்லுங்க" என்றான் கண்டக்டர். திருச்சி பஸ்ஸில் போகிறவன். வாய் சும்மா இருக்காது. விசில் ஊதாத நேரத்தில் பேசிக்கொண்டிருப்பான்.

"எனக்கென்ன தெரியும்?"

"தெரியாதா? மாட்டுத் தரகன் துண்டை எடுத்தா என்ன அர்த்தம்? விலை படிஞ்சு போச்சுன்னு அர்த்தம்!"

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன், நல்ல பேச்சு எதுவாக இருந்தாலும் சிரிக்கிறவன் நான். ஆனால் சிரித்து முடித்தபோது மிலிட்டரிக்காரர் சிரிக்காமல் யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "இருக்கும்" என்றார். அந்த ஒற்றைச் சொல்லில் வேடிக்கை விஷமாகிவிட்டது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பஸ் போகிற ஊருக்கெல்லாம் அந்தப் பேச்சும் டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டு போனது. கீரனூரில் பேசினார்கள், ஆலங்குடியில் பேசினார்கள். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்றார்கள். அடுத்த சந்தையில் தரகர் துண்டை விரித்து நின்றபோது, அதற்கடியில் கை கொடுக்க ஒருவரும் வரவில்லையாம்.

பையன் மாமன் வீட்டுக்குப் போகவில்லை. ஊரிலேயே ஒரு லாரி ஷெட்டில் படுத்துக்கொண்டான். புருவத்துத் தையலோடு என் பெஞ்சில் வந்து உட்காருவான். எல்லோரும் ரவுண்டு ரவுண்டாகச் சண்டையை மறுபடி போடுவார்கள்.  ஒரு நாள் கூட்டம் கலைந்த பிறகு என்னைக் கேட்டான்.

"அண்ணே, நீங்க முன்னாடி இருந்தீங்கள்ல? எங்க மாமா வித்துட்டாரா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இருக்காதுடா."

"அப்ப ஏன் எறிஞ்சாரு?"

 பட்டம் போனது அவனுக்கு அவ்வளவு பெரிதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது. தன்னைத் தூக்கி வளர்த்த கை தன்னை விற்குமா, விற்காதா? அது தெரியாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தரகரே கடைக்கு வந்துவிட்டார். வெறுந்தோள். பையன் அன்றைக்கு இல்லை. மிலிட்டரிக்காரர் பெஞ்சில் இருந்தார், கண்டக்டர் அடுத்த டிரிப்புக்கு நேரம் இருக்கிறதென்று மூக்குப்பொடி மட்டையோடு நின்றுகொண்டிருந்தான். தரகர் எவரையும் பார்க்காமல் மிலிட்டரிக்காரர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, நீங்கதானே எறியச் சொன்னீங்க?"

"நானா? நான் எறியச் சொன்னேனா?"

"மேடையில ஏறுனப்ப என் காதுல என்ன சொன்னீங்க? ஸ்டூலு போடு, தண்ணி குடு, போதும்னு தோணுச்சுன்னா துண்டை உள்ள எறி, சண்டைய நிறுத்திருவாங்கன்னு சொன்னீங்க. எனக்குப் போதும்னு தோணுச்சு. எறிஞ்சேன்."

"யோவ், நம்ம ஆளுக்குப் போதும்னு தோணுச்சுன்னா எறியச் சொன்னேன்!"

"நம்ம ஆளுன்னு நீங்க சொல்லலைங்க. போதும்னுதான் சொன்னீங்க. அந்தத் திருச்சிப் பிள்ளைக்குக் காதுல ரத்தம் கொட்டுது, கண்ணு சொருகிருச்சு. எம் பய விடமாட்டேங்குறான். இன்னொரு அடி விழுந்தா செத்துருவான். எம் பய ஜெயிச்சுட்டான்ல, இனிப் போதும், நிறுத்துங்கன்னு எறிஞ்சேன். ஜெயிச்சவனைத் தோத்தான்னு சொல்லுவாங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

 நான் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தேன்.

"நம்ம ஆளுன்னுதான் சொன்னேன்" என்றார் மிலிட்டரிக்காரர். முகம் சிவந்திருந்தது. "பட்டாளத்துல இருந்தவன் நான். அரைகுறையா ஆர்டர் குடுக்க மாட்டேன்."

"நல்லாத்தான் சோடிக்கிறாரு" என்று கண்டக்டர் முணுமுணுத்தான். முணுமுணுப்பு என்று அவன் நினைத்துக்கொண்டான். சந்துக்கே கேட்டது. தரகர் திரும்பி அவனைப் பார்த்தார். "தம்பி, உங்க பேச்சை நானும் கேள்விப்பட்டேன். நல்ல பேச்சு. என் தொழிலையே ஒரு வார்த்தையில முடிச்சுட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சண்டைக்கு வந்திருப்பான். அவர் கோபப்படவில்லை. என்னிடம் வந்தார். "ஊரு என்னமும் பேசிட்டுப் போகட்டும். அந்தப் பய மட்டும் நம்புனாப் போதும். நீங்க சொன்னாக் கேப்பான். சொல்லுங்க" என்றார்.

தமிழில் ஒரு வசதி உண்டு. யாருக்கு என்று சொல்லாமலே "போதும்" என்று சொல்லிவிடலாம். இலையில் சோறு போடும்போது கை காட்டுகிறோமே, அப்படி. அந்த வசதிதான் அன்றைக்கு ஒரு பட்டத்தைத் தின்றது என்று எனக்கு மனசில் பட்டது. ஆனால் என் மனசில் பட்டால் போதுமா? மிலிட்டரிக்காரர் அவனுக்குக் குரு. குரு இல்லை என்கிறார். மாமன் ஆமாம் என்கிறார். பையன் யாரை நம்புவான்?

கண்டக்டர்தான் வழி சொன்னான். அன்றைக்கு டிரிப்பு முடிந்து வந்தவன், குரலைத் தாழ்த்திப் பேசினான். அவனிடம் நான் அதற்கு முன் அந்தக் குரலைக் கேட்டதில்லை.

"டெய்லரண்ணே, அந்தச் சாம்பியன் திருச்சியில ஒரு மரக்கடையில வேலை பாக்குறான். மாமன் வாயிக்குக் கிட்டக்க கயித்துல சாஞ்சு கெடந்தது அவன்தான், அந்தச் சத்தத்துல மாமன் குரல் கேட்டிருந்தா அவனுக்குத்தான் கேட்டிருக்கும். அவனைக் கேட்டா என்ன?"

திங்கட்கிழமை காலை கண்டக்டரின் பஸ்ஸிலேயே போனேன். டிக்கெட் கிழிக்க வந்தவன் எனக்கு மட்டும் கிழிக்காமல் நகர்ந்தான். அதுதான் அவனால் கேட்க முடிந்த மன்னிப்பு.

மரக்கடையில் ரம்பத்தூள் பறந்துகொண்டிருந்தது. சாம்பியனை அடையாளம் தெரியவில்லை. மேடையில் மலை மாதிரி இருந்தவன், சட்டை போட்டால் நம்மைப்போல ஒருவன். கூப்பிட்டேன், திரும்பவில்லை. பக்கத்திலிருந்தவர், "இந்தப் பக்கம் வந்து கூப்பிடுங்க, அந்தக் காது அவனுக்கு இப்பக் கேக்குறதில்ல" என்றார்.  வலப்பக்கம் போய் நின்று, புதுக்கோட்டையிலிருந்து வருகிறேன் என்றேன். அவன் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தான்.

"துண்டு எறிஞ்சாரே, அவரு ஆளுங்களா நீங்க?"

"ஆமாப்பா. அவரு உன்கிட்டக் காசு வாங்கிட்டு எறிஞ்சார்னு ஊரே பேசுது."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது தாடை வலித்ததோ என்னவோ, கையால் பிடித்துக்கொண்டான். "காசா? எங்கிட்ட ஏதுங்க? அவரு என் காதுக்குப் பின்னாடி நின்னுதான் எறிஞ்சாருங்க. 'போதும்டா அய்யா, செத்துப்போவான்டா, விட்டுருடா'ன்னு கத்திக்கிட்டே எறிஞ்சாரு. இந்தக் காதுல நான் கடைசியாக் கேட்டது அதுதான்."

"இதை எங்க ஊருல வந்து ஒரு வார்த்தை சொல்லுவியா?"

அவன் பலகையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். "பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு, நான் செத்துக்கிட்டிருந்தேன்னு நானே வந்து சொல்லவா? சொன்னா நாளைக்கே புடுங்கிருவாங்க. அந்தப் பட்டத்தை வச்சுத்தாங்க இந்த வேலையே குடுத்திருக்காங்க." பிறகு மெதுவாக, "அந்தப் பையன்கிட்ட மட்டும் சொல்லுங்க. ஊருக்கு வேண்டாம்" என்றான்.

திரும்பி வந்து, ஊருக்கு வேண்டாம் என்று அவன் சொன்னதால் பையனைக் கடைக்குள் கூப்பிட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சொன்னேன். பேச்சைக் கிளப்பியவர்களும் கேட்கட்டும் என்று மிலிட்டரிக்காரரையும் கண்டக்டரையும் மட்டும் கூட வைத்துக்கொண்டேன். சொல்லி முடித்ததும் மிலிட்டரிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நம்ம ஆளுன்னு சொன்னதாத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "சொல்லாம விட்டிருப்பேன் போலருக்கு. மணியடிக்கிற அவசரம்."

எல்லோரும் பையனைப் பார்த்தோம். இனி எழுந்து மாமன் வீட்டுக்கு ஓடுவான் என்றே நான் நினைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை.

"சரிண்ணே. எங்க மாமா விக்கல. இனிமே எவனும் அப்படிப் பேசக் கூடாது" என்றான்.

"நான் பேச மாட்டேன்டா. பேசுறவன் வாயில குத்துறேன்" என்றான் கண்டக்டர்.

"ஆனா ஒன்னு, அண்ணே. மூணாவது ரவுண்டுல எனக்குப் புருவம் கிழிஞ்சு கண்ணு தெரியல. தடவித் தடவி மூலைக்கு வந்தேன். மாமா முகத்தைத் தொடச்சுட்டு, தண்ணிய ஊத்திட்டு, 'போடா, போ'ன்னு முதுகுல தட்டி அனுப்புனாரு. அப்ப அவருக்குப் போதும்னு தோணல. எவனோ ஒருத்தன் காதுல ரத்தம் வந்ததும் தோணிருச்சு." அவன் குரல் உயரவே இல்லை. "காசுக்கு வித்தார்னா வாய்விட்டுத் திட்டிட்டு ஒரு நா மறந்துருப்பேன். இதுக்கு நான் யாரைத் திட்ட?"

  அவன் எழுந்து, கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

மறுநாள் தரகர் வந்தார். அவருக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"சொன்னீங்களா?"

"சொன்னேங்க. நீங்க விக்கலன்னு நம்பிட்டான்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப வீட்டுக்கு வாரானா? எங்க வீட்டுல அவ, ரெண்டு பேரு இருக்கையில மூணு பேருக்குச் சோறு வடிச்சுக்கிட்டு இருக்கா."

நான் துணியை மடித்தேன், விரித்தேன். மாட்டின் பல்லைப் பார்த்தே வயசு சொல்லுகிறவர் அவர், என் முகத்தைப் பார்த்தால் போதாதா? "என்ன சொன்னான், மறைக்காமச் சொல்லுங்க" என்றார். மூன்றாவது ரவுண்டைச் சொன்னேன். அவன் சொன்ன வார்த்தையையே சொன்னேன்.

கேட்டுக்கொண்டார். மறுக்கவில்லை. மேடையில் நின்ற அந்த நிமிஷத்தை மறுபடி பார்க்கிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"நெசந்தான் தம்பி. அனுப்பத்தான் செஞ்சேன். அவன் எம்புட்டு தாங்குவான்னு எனக்குத் தெரியும், நான் வளத்த பய. அந்தப் பிள்ளை யாரு வளத்ததோ, எம்புட்டு தாங்குமோ, எனக்கு எப்படித் தெரியும்?"

"இதை நீங்களே அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா நல்லாருக்காது" என்றேன்.

"எங்க இருக்கான்?"

லாரி ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெயில் ஏறியிருந்தது. ஷெட்டுக்காரர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பையன் காலையிலேயே நெல்லு லோடோடு கிளீனராக மெட்ராஸ் லாரியில் ஏறிவிட்டான் என்றார். எப்போது திரும்புவான் என்று கேட்டேன். லோடு கிடைப்பதைப் பொறுத்தது என்றார். தரகர், "வந்தா மாமன் வந்துட்டுப் போனாருன்னு சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஷெட் வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். கீரமங்கலம் பஸ் போய்விடும் என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கவில்லை.